முதல் மழையை நம்பாத புல்

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் எங்கள் மேய்ச்சல் காடு, கொரங்காடு, கிடக்கிறது. படலைத் திறந்து உள்ளே வந்ததிலிருந்து இங்கே உட்காரும்வரை என் கால் கட்டைவிரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வேடிக்கைதான். பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். இன்றைக்குச் சொந்தக் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் திரும்பினால் தெரிந்துவிடுமே. மேய்ச்சலுக்கென்றே கிளுவை வேலி கட்டி, தலைமுறை தலைமுறையாகப் புல்லுக்கு விட்டிருக்கிற இந்த மண்ணில் புல் முளைத்திருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். மழை பெய்து ஒரு வாரம் ஆகப் போகிறது. முளைத்திருந்தால் இந்நேரம் முளைத்திருக்கும். முளைக்கவில்லை என்றால், நங்கையா பையில் கொண்டுவரும் ஒப்பந்தத்தில் அக்காவும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, திருப்பூரில் இருக்கிறார், காடு இரண்டு பேர் பெயரிலும் பொதுவில் இருக்கிறது. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு அவரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். கையெழுத்தானால் காடு சோலார்க்காரர்களுக்குப் போகும், ஒரு தலைமுறைக் காலத்துக்கு. மாடுகள் சந்தைக்குப் போகும். சித்திரை மாதம் நானே வாயால் ஒத்துக்கொண்ட பேச்சு இது. புரட்டாசி மழைக்குப் பிறகு புல் வந்தால் காடு காடாக இருக்கட்டும், வராவிட்டால் நங்கையா சொன்னபடி. அப்போது புரட்டாசி எங்கேயோ இருந்தது. எங்கேயோ இருக்கிற மாதத்தைச் சொல்லி எதையும் ஒத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இவர் நேற்றே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார். எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டேன். படலுக்கு வெளியே நின்றாராம். மழை பெய்ததும் படலைச் சாத்திவிட்டால் புல் வளர்ந்து விதை உதிர்க்கும்வரை ஆடு மாடு மட்டுமல்ல, ஆள்கூட உள்ளே மிதிக்கக் கூடாது என்பது வழக்கம்தான், ஆனால் இவர் வழக்கத்துக்காக வெளியே நிற்கவில்லை. எதையும் வெளியே நின்று பார்ப்பதுதான் இவர் சுபாவம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட வாசலில் மாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார், நங்கையாதான் உள்ளே வந்து என் கையைப் பிடித்துப் பார்த்து, கை காய்ப்புக் காய்த்திருக்கிறது, வேலை தெரிந்த பிள்ளை என்று முடிவு சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முடிவெல்லாம் அவருடையதுதான். இவர் தலையாட்டுவார். கெட்டவர் இல்லை, மண்ணில் ஈரம் இருந்தால் முதலில் தலை நீட்டுகிற ஜாதி, அவ்வளவுதான். அது என்ன, புல்லைப் பற்றி நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்தால் கட்டிய புருசனே புல்லாகத் தெரிகிறார். தொட்டியின் சிமெண்டு தொடையில் சில்லென்று இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை, அடியில் மழைத்தண்ணீர் ஒரு கை அளவு தேங்கி, அதில் வெள்வேல மரத்தின் இலைகள் மிதக்கின்றன. முன்பெல்லாம் இதில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். கிணற்றிலிருந்து இறைத்து விட்டால் மாடு குடித்தது போக மிச்சம் கிழக்கே சரிவில் ஓடும், அந்த ஓட்டத்தில் கொழுக்கட்டைப் புல் இடுப்பு உயரம் நிற்கும். கதிர் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். அந்தக் கதிர்தான் வினை. இல்லை, கதிர் என்ன செய்யும், நாங்கள்தான் வினை.

விதைக்கு நல்ல கதிராகப் பார்த்து எடு என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் அமராவதி வாய்க்கால் பாயும் ஊரில் பிறந்தவள். நெல்லோ சோளமோ, பருத்த கதிரைத் தனியாக ஒடித்துக் கூரை எரவாணத்தில் செருகி வைத்தால்தான் அடுத்த வருசம் பட்டத்துக்கு விதை. அதே புத்திதான் புல்லுக்கும் போனது. கிழக்குப் பாதியில் புல் தேய்ந்துவிட்டது, உழுது சோளத்தோடு கலந்து புதிதாக விதைக்கலாம் என்று வந்தபோது, இவரும் நானும் எங்கே போய் விதை உருவினோம்? தொட்டிச் சரிவில். காடு முழுக்க அந்தச் சரிவில்தான் புல் புல்லாக நின்றது. மேற்கே கல்லு மேட்டில் நின்றதெல்லாம் முழங்கால் உயரம்கூட இல்லாத சோணிப் புல், கதிர் வந்தால் வந்த வேகத்தில் பழுத்து உதிர்ந்துவிடும், உருவப் போனால் கையில் பாதி தங்காது. அதை யார் விதைக்கு எடுப்பார்கள்? ஊரில் எவளைக் கேட்டாலும் சரிவில் நிற்பதைத்தான் காட்டியிருப்பாள். சாக்குச் சாக்காக உருவினோம், முள்முடி ஒட்டிய விதை சேலை முந்தானையெல்லாம் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தது. விதைத்தோம். அந்த வருசம் மழை இடைவெளி விடாமல் பெய்தது. கிழக்குப் பாதி பாய் விரித்த மாதிரி ஒரே நாளில் பச்சையாகிவிட்டது, ஒரு விதைகூட பின்தங்கவில்லை. நங்கையா வந்து பார்த்துவிட்டு, வாய்க்கால் ஊர்க்காரி கை பட்ட காடு அல்லவா என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை வாயாரப் பாராட்டியது அது ஒன்றுதான், அதைச் சொல்லிச் சொல்லி நானே தேய்த்துவிட்டேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றார்கள் ஊரில். முளையில் எல்லாம் தெரிந்துவிட்டால் மண்ணுக்கு என்ன வேலை.

போன வருசம் ஆவணியில் ஒரு மழை பெய்தது. ஒரே மழை, மாலையில் வந்து மண்ணை நன்றாக நனைத்துவிட்டுப் போனது. கிழக்குப் பாதியில் விழுந்து கிடந்த விதை முழுக்க முளைத்தது. அதற்கு முந்தைய வருசத்துச் செழிப்பில் உதிர்ந்த விதை, எவ்வளவு இருந்திருக்கும், எல்லாம், ஒன்றுவிடாமல், கதவைத் திறந்ததும் வெளியே ஓடிவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வந்துவிட்டன. நான் மேட்டில் நின்று பார்த்துப் பூரித்தேன். என் காலடியில் மேட்டு மண் வெறுமையாகக் கிடந்தது, அங்கே ஒன்று இங்கே ஒன்று தவிர அதில் எதுவும் முளைக்கவில்லை, பாவம், இதன் வம்சம் முடிந்தது, அடுத்த வருசம் இதையும் சரிவு விதை போட்டு மாற்றிவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அப்புறம் மழை வரவில்லை. காற்று வந்தது. மேற்கே இருந்து வரும் அந்தக் காய்ந்த காற்று, வாயைத் திறந்தால் பல்லில் மண் ஒட்டும். பச்சை வெளுத்தது, மஞ்சளானது, பிறகு கால் வைத்தால் நொறுங்கியது. விதை கட்டுவதற்குள் எல்லாம் போனது, மண்ணுக்குள் மிச்சம் என்று ஒன்று இல்லை. அதற்குப் பிறகு ஐப்பசியில் பெய்த தூறலுக்குக் கிழக்குப் பாதியில் எதுவும் அசையவில்லை. எது அசையும்? இருந்ததெல்லாம் முதல் மழைக்கே எழுந்து வந்து செத்துவிட்டதே. மேட்டில் ஏதாவது வந்ததா என்றால் வந்ததை மாடு விடவில்லை, பசி, தூரோடு கரும்பித் தின்றுவிட்டது, தூரையும் கரையான் எடுத்துக்கொண்டது. மாட்டைக் குறை சொல்லி என்ன. செவலைப் பசுவின் விலா எலும்பை எண்ணலாம், இப்போது வீட்டில் வைக்கோல் தின்றுகொண்டு நிற்கிறது, வாசனை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு வேறு வழியில்லாமல். முளைத்திருந்தால் இந்நேரம் முளைத்திருக்கும். இல்லை, அரைத்த மாவையே அரைக்கிறேன், விடு.

பெனிட்டா என்று ஒரு பொண்ணு, கல்லூரியில் புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. பங்குனியில் வந்து சரிவில் ஒரு பை, மேட்டில் ஒரு பை மண் அள்ளிக்கொண்டு போனாள். எங்கள் காட்டை மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் மழை குறைந்துவரும் காடுகளையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பி வந்தபோது தொட்டிமேல் இதே இடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே சொன்னாள், சரிவுப் புல்லும் மேட்டுப் புல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் தொட்டி கட்டின நாளிலிருந்து சரிவில் பிறந்த புல்லுக்குத் தண்ணீர் எப்போதும் கிடைத்தது, அங்கே முந்தி முளைத்து உயரமாக வளர்ந்ததுதான் அடுத்ததை அமுக்கிவிட்டு விதை போட்டது, காத்திருந்தது நிழலில் செத்தது, இப்படியே வருசத்துக்கு வருசம். மேட்டில் தலைகீழ். அங்கே முந்தினது காற்றில் செத்தது, தாமதித்தது பிழைத்தது, குட்டையாக நின்று சீக்கிரம் கதிர் விட்டது விதை போட்டது. இப்போது மேட்டு விதையை நனைத்தால் கொஞ்சம்தான் முளைக்கிறது, இன்னொரு முறை நனைத்தால் இன்னும் கொஞ்சம், மிச்சம் எத்தனை முறை நனைத்தாலும் படுத்தே கிடக்கிறது என்றாள். ஆக அது பாடம் படித்துக்கொண்டது என்று சொல்லு என்றேன். இல்லைம்மா, ஒரு புல்லும் எதையும் படிக்கல, அவசரப்பட்டது போயிருச்சு, மிஞ்சினதோட பிள்ளைங்கதான் இருக்கு என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, தாய்ப்புல் பட்ட வறட்சியும் விதைக்குள்ளே கொஞ்சம் போகிறது, காய்ந்த தாயின் விதை இன்னும் எச்சரிக்கையாக இருக்கிறது, அது எப்படி என்று நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். நான் மேடு பிழைக்குமா என்று நேராகவே கேட்டேன். மழை மாறிக்கிட்டே இருக்கு, புல்லும் மாறிக்கிட்டேதான் இருக்கு, எது முந்துதுங்கறதுதாம்மா எனக்கும் தெரியல என்றாள். படித்தவள் தெரியாது என்று சொன்னதும் எனக்கு அவளைப் பிடித்துப் போனது. ஆனால் அந்த வார்த்தை அன்றிலிருந்து தூக்கத்தைத் தின்கிறது. எது முந்துகிறது. மழை முந்திவிட்டால்?

அவள் சொன்னதில் எனக்குப் பொருந்துவதும் பொருந்தாததும் இருந்தது. வாய்க்கால் ஊரிலிருந்து இந்தக் காய்ந்த சீமைக்கு வந்த முதல் வருசம் நானும் சரிவுப் புல்தான். யார் கொஞ்சம் சிரித்துப் பேசினாலும் மொத்தமாகக் கொட்டிவிடுவேன், பிறகு வாடுவேன். நங்கையாவின் ஒரு நல்ல வார்த்தைக்கு மாவு ஆட்டி, முறுக்குச் சுட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அடுத்த நாள் அவர் முகம் கொடுக்காமல் போனால் படுத்த பாயில் அழுவேன். இப்போது அப்படி இல்லை. ஆனால் நான் மாறினேனா, காய்ந்து பழகினேனா? தனிப் புல் மாறாது, பிள்ளைகள்தான் மாறுகிறார்கள் என்றால், எனக்குத்தான் பிள்ளை இல்லையே. சொல்லிவிட்டேன். காலையிலிருந்து இதைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன், இப்போது சொல்லியாகிவிட்டது. கல்யாணமான புதிதில் கோயில் கோயிலாகப் போனோம், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிறகு எங்கேயும் போகவில்லை. வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். கன்று ஈன்ற பசுவின் மடியைத் தொடும்போது இன்றைக்கும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். சித்திரையில் அந்தப் பேச்சு நடந்தபோது, காட்டைக் கொடுக்க மாட்டேன் என்று நான் குரலை உயர்த்தினேன், நங்கையா மெதுவாகத்தான் கேட்டார், ஆருக்கு அம்மிணி இதெல்லாம் என்று. ஆருக்கு. குத்த வேண்டும் என்று கேட்கவில்லை, அதுதான் கொடுமை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், மண்ணில் கால் வைக்கிறவன் இல்லை. எங்களுக்குப் பின்னால் இந்தப் படலைத் திறக்க ஆளில்லை என்பது உண்மைதான். அன்றைக்கு அதற்குமேல் வாதாடாமல் புரட்டாசிக் கெடுவுக்கு ஒத்துக்கொண்டேன். இந்த வாரம் முழுக்க மாவு ஆட்டும்போதும் சாணி தட்டும்போதும் ஒரு பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன். மேட்டுப் புல் யாருக்காக இத்தனை வருசம் காத்துக்கிடந்தது நங்கையா, மாட்டுக்கா, நமக்கா, அது பாட்டுக்கு அது கிடந்தது, இருக்கிறவர்கள் படலைச் சாத்தித் திறந்தால் போதும், அது யார் பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் முகத்துக்கு நேரே வருமா என்பது வேறு.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. சின்ன வயதில் ஒரு பஞ்சம், மூன்று வருசம் மழை இல்லையாம், சப்பாத்திக்கள்ளியை முள் சுட்டு நறுக்கி மாட்டுக்குப் போட்டார்களாம். நங்கையா வளர்த்த கிடாரி ஒன்று, படுத்தது எழுந்திருக்கவில்லை, கழுத்துக்கயிற்றை அவிழ்த்துவிட்டு அப்பன் அந்தப் பக்கம் போய் நின்று அழுதாராம். அதை ஒரே ஒரு முறைதான் எனக்குச் சொன்னார், முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன், தலையைத் திருப்பிக்கொண்டே சொன்னார். கண்ணாடிப் பலகைக்கு மழையும் வேண்டாம், பஞ்சமும் தெரியாது, அதான் கொடுக்கலாங்கிறேன் என்று முடித்தார். பக்கத்துக் காட்டில் அந்தச் சோலார் பலகைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ரோட்டுக்கு அப்புறம் தெரிகின்றன, வரிசை வரிசையாக, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கண்ணைக் கூச வைக்கின்றன. எனக்கு அவற்றின்மேல் கோபம் இல்லை. ஊருக்குக் கரண்ட் வேண்டும், என் வீட்டு மிக்ஸி என்ன மாட்டு வண்டியிலா ஓடுகிறது. ஆனால் இந்தக் காட்டை மட்டும் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு பிடிவாதம், குழந்தை பொம்மையைக் கேட்பது மாதிரி. கவுதாரி ஒன்று பின்னால் கத்துகிறது. எந்தப் பக்கம்? மேட்டுப் பக்கம்தான். கவுதாரி வந்தால் அங்கே ஏதாவது பொறுக்குகிறது என்று அர்த்தம். முளையைக் கிள்ளுகிறதோ? விதையையோ? விதையைப் பொறுக்கினால் விதை இருக்கிறது, விதை இருந்தால் முளைக்கவில்லை. முளைக்காமல் இருந்தால் எச்சரிக்கையா, சாவா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது, நான் ரோட்டைப் பிடித்துக்கொள்கிறேன். தனியாகப் பார்த்துவிட்டால் அவர்கள் வரும்வரை தனியாகத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. தெரியாமல் இருக்கும்வரை காடு என்னுடையது.

வண்டிச் சத்தம். இவர் வண்டி இருமிக்கொண்டுதான் வரும், தூரத்திலேயே தெரியும். நங்கையா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பச்சைப் பையை அணைத்துக்கொண்டிருக்கிறார், அதற்குள்தான் அது இருக்கிறது. தலை முழுக்க வெளுத்துவிட்டது. சித்திரைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன், இறங்கும்போது தம்பியின் தோளை இரண்டு கையாலும் பிடித்தார், முட்டி அத்தனை மோசமாகிவிட்டதா? எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். படலைத் திறந்து உள்ளே வந்தவர் என் முன்னால் நின்றார்.

"ஏனம்மிணி, காட்டப் பாக்காம ரோட்டப் பாத்து உக்காந்திருக்கறே?"

"நீங்க வரட்டும்னுதானுங்க."

"பாத்தியா இல்லியா?"

"இல்லீங்க."

அவர் பையை என் பக்கத்தில் தொட்டிமேல் வைத்துவிட்டு என்னைக் கடந்து பின்னால் போனார். நான் அப்போதும் திரும்பவில்லை. செருப்பு சரளையில் அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது, கிழக்குப் பக்கம் போனது, நின்றது, ஒரு பெருமூச்சு, பிறகு மேற்கே திரும்பியது. முட்டி வலிக்காரர் மேடு ஏறுகிறார், ஒரு அடிக்கு ஒரு மூச்சு. பிறகு சத்தமே இல்லை. இத்தனை நேரம் என்ன பார்க்கிறார், ஒன்றுமில்லை என்றால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே. அல்லது ஒன்றுமில்லாததைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? கிடாரி ஞாபகமா? ஈரம் காயாத மண் வாசனையும் வியர்வை வாசனையும் சேர்ந்து வந்தது, வியர்வை என்னுடையது. பச்சைப் பையின் காது காற்றில் ஆடி என் கையைத் தொட்டது, நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அம்மிணி, இங்க வா."

அந்தக் குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து திரும்பினேன். கிழக்குப் பாதி நான் பயந்தபடியே வெறும் மண்ணாகக் கிடந்தது, அதில் எனக்கு அதிர்ச்சிகூட வரவில்லை. மேட்டிலும் ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் நிறக் கல், கரையான் அரித்த மண், நடுவில் நங்கையா காலை நீட்டி மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தரையில் உட்கார முடியாது, டாக்டர் நாற்காலி தவிர எதிலும் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன்.

"நின்னு பாத்தா என்ன தெரியும். வெயிலுக்கு எதுக்கால உக்காரு."

உட்கார்ந்தேன். தலையை மண்ணோடு மண்ணாகத் தாழ்த்தினேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, வெயில் பின்னாலிருந்து படும் இடத்தில், சிவப்பும் பச்சையுமாக ஒரு ஊசி நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் வெறும் மண். அப்புறம் ஒரு கல்லின் ஓரத்தில் நெருக்கமாகக் கொஞ்சம். கண் பழகப் பழக எண்ணிக்கை கூடியது, ஆனால் நெருக்கம் என்று சொல்ல முடியாது, பச்சை என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சு விட்டால் ஆடிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நங்கையா ஒரு ஊசியின் பக்கத்தில் விரலை வைத்தார், தொடவில்லை.

"இவ்வளவுதானா?"

"மீதி உள்ள இருக்குதுங்க நங்கையா. இந்த மழைய நம்பாததெல்லாம் உள்ள இருக்குது."

"எத்தன வருசத்துக்கு அப்படிக் கெடக்கும்?"

"தெரியாதுங்க. இது விதை போட்டா, அத உருவி அந்தப் பாதிக்குப் போடலாம்னு இருக்கேன். அதுக்கே இன்னும் ரெண்டு மூணு மழை வேணும். மழை வராமயும் போகலாம்."

பொய் சொல்லியிருக்கலாம். இந்த ஐப்பசிக்குள் மாடு மேயும் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை, அந்த ஊசிகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வரவில்லை. நங்கையா ஆருக்கு என்று கேட்பார் என்று காத்திருந்தேன், பதில் நாக்கு நுனியில் நின்றது. அவர் கேட்கவில்லை. கிழக்குப் பாதியைப் பார்த்தார், ரோட்டுக்கு அப்புறம் மின்னுகிற பலகைகளைப் பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது, வெயிலுக்குக் கூசியதாகவும் இருக்கலாம். எழுந்திருக்கக் கையை நீட்டினார், நான் பிடித்துத் தூக்கினேன், என் தோளில் மொத்த பாரத்தையும் போட்டுக்கொண்டு நின்றார், இத்தனை வருசத்தில் அவர் என்மேல் சாய்ந்தது இன்றைக்குத்தான். இவர் வண்டியை நிறுத்திவிட்டு, தொட்டிமேல் இருந்த பச்சைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பேனா இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டே மேட்டை நோக்கி வந்தார். நங்கையா அங்கிருந்தே கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"மிதிக்காதடா. போய் மொதல்ல படலச் சாத்து, ஆராச்சும் ஆட்ட உள்ள உட்டுறப் போறாங்க."